நூற்றுப் பன்னிரண்டு

ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் ஒரு எண் வரும். அந்த எண்ணைப் பார்த்துப் பார்த்துத்தான் தையல்காரி மூன்று வருடமாக உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மகளுக்கு எட்டு வயதில் சுகர் வந்தது. வயதானவர்களுக்கு வருகிற வகை இல்லை. தினம் நாலு இன்சுலின் ஊசி போட்டால்தான் ஆள் நடமாட முடியும் என்கிற வகை. இப்போது பத்தொன்பது வயது. இடது தோளுக்குக் கீழே காசு அளவில் ஒரு வெள்ளைப் பட்டன் ஒட்டியிருக்கும். அது உடம்பில் ஓடுகிற சர்க்கரையை அளக்கும். எண் மகளின் போனிலும் தெரியும், அம்மாவின் போனிலும் தெரியும். எழுபதுக்குக் கீழே இறங்கினால் இரண்டும் சேர்ந்து அலறும். மகள் கல்லூரியில் இருப்பாள், தையல்காரி கடையில் இருப்பாள், அலறல் ஓய்வதற்குள் அம்மா கூப்பிட்டுவிடுவாள். "வாண்டு, பையில பிஸ்கட் இருக்கு, எடுத்துத் தின்னு." பத்தொன்பது வயதுப் பெண்ணை வகுப்பு நடுவில் வாண்டு என்று கூப்பிட்டால் யாருக்குத்தான் பிடிக்கும்?

"உங்கம்மா உன் ரத்தத்துக்குள்ளயே வீடு கட்டிக் குடியிருக்காங்களா?" என்று தோழிகள் கேட்பார்களாம். மகள் இதைச் சிரித்துக்கொண்டேதான் வீட்டில் வந்து சொன்னாள். தையல்காரியும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கொஞ்சம் நின்று கவனித்திருக்கலாம்.

விழாவுக்குக் கூப்பிட்டது ட்ரம்ஸ்காரர். தையல்காரியின் பழைய வாடிக்கையாளர், தலை நரைத்தும் கண்ட இடத்திலெல்லாம் ஜிப்பு வைத்த கால்சட்டைகள் தைத்துக்கொள்கிறவர். தார் ரோடு முடிந்து நாற்பது கிலோமீட்டர் தாண்டி, மலைக்கு மேலே ஒரு புல்வெளியில் மூன்று நாள் பாட்டு. அறுநூறு பேர். போன் கிடையாது என்பதுதான் விதி. போன வருடம் மெல்லிசாக ஒரு பாட்டு போய்க்கொண்டிருக்கும்போது, மேடையிலிருந்து பார்த்தால் ஒரு முகம்கூடத் தெரியவில்லையாம், வரிசை வரிசையாகப் போன்தானாம். முன்வரிசையில் அழுத ஒரு பெண்ணை யாரோ படம் பிடித்துப் போட, அது ஊரெல்லாம் சுற்றி, அந்தப் பெண் வேலையையே விட்டுவிட்டாளாம்.

"அதனால வாசல்லயே வாங்கி வச்சிடறோம். பை தைச்சுக் குடுங்க. அறுநூறு பை. உள்ள அடிச்சா வெளிய கேக்கக் கூடாது."

தையல்காரி வேலையில் சொன்ன சொல் தவறமாட்டாள். தடித்த துணி, நடுவே பஞ்சு, உள்ளே இன்னொரு துணி, வாயில் பூட்டு மாட்ட வளையம். தைத்த முதல் பைக்குள் தன் போனைப் போட்டு, மகளை விட்டு அடிக்கச் சொன்னாள். ஒரு முனகல்கூட வரவில்லை. அன்று முழுக்க அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அவற்றோடு பூட்டில்லாமல், கழுத்தில் மாட்ட நாடா வைத்து, சிவப்பில் பன்னிரண்டு பைகள் தனியாகத் தைத்தாள். உடம்புக்கு முடியாதவர்கள் போனைக் கூடவே வைத்துக்கொள்ள அவை. தன் மகளை நினைத்துத்தான் அவள் அதைக் கேட்டு வாங்கித் தைத்தாள்.

மூன்று நாளும் மேடை உடைகளைப் பார்த்துக்கொள்ள தையல்காரியும், பாட்டுக் கேட்க மகளும் கிளம்பினார்கள். பஸ் மலை ஏறும்போது தையல்காரி போனைப் பார்த்தாள். 112. அருமையான எண். போனை அணைக்காமல் பட்டன் டப்பாவின் அடியில், கொக்கிகளுக்கும் ஊக்குகளுக்கும் கீழே புதைத்தாள். வேலையாளின் டப்பாவை யார் கிளறப் போகிறார்கள்? விதி எல்லாருக்கும்தான், ஆனால் அம்மாக்களுக்கு இல்லை என்பது அவள் கணக்கு.

வாசலில் உட்கார்ந்திருந்தவர் முன்னாள் பஸ் கண்டக்டர். இன்னமும் விசிலைக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். "போனை அணைச்சுக் குடுங்க, அணைச்சுக் குடுங்க. உடம்புக்காக வேணும்ங்கறவங்க சிவப்புப் பை வாங்கிக்கலாம். யாராச்சும் உண்டா?"

தையல்காரி வாயைத் திறந்தாள். மகள் அவள் இடுப்பில் நறுக்கென்று கிள்ளிக் காதோரம் கிசுகிசுத்தாள்.

"கழுத்துல சிவப்பா மாட்டிக்கிட்டுத் திரியணுமா? மாட்டுக்கு மணி கட்டற மாதிரி?"

"இல்ல வாண்டு, உனக்கு..."

"உன்கிட்டதான் போன் இருக்கே. நீ பாத்துக்கோ. என்னோடது எதுக்கு?"

தையல்காரி யோசித்தாள். பட்டன் மகளின் கையில். எண் தன் போனில். கடையில் உட்கார்ந்தபடியே ஊருக்கு அந்தப் பக்கம் இருக்கிற கல்லூரியிலிருந்து எண் வருகிறது. இந்தப் புல்வெளி எந்த மூலைக்கு? நியாயமாகத்தான் பட்டது. அவளைச் சொல்லியும் குற்றமில்லை. தையல் மெஷினின் வயிற்றைத் திறந்து மூடத் தெரிந்தவளுக்குப் போனின் வயிறு தெரியாது.

மகள் போனைக் கொடுத்தாள். முந்நூற்று எண்பத்தெட்டாம் எண் பை. பூட்டு கிளிக் என்றது. மகள் அம்மாவின் கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டு மஞ்சள் தொப்பியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கூட்டத்துக்குள் ஓடினாள். அந்த ஓட்டத்தில் ஒரு துள்ளல் இருந்தது. பிள்ளை சந்தோஷமாக இருக்கிறாள் என்றுதான் தையல்காரி நினைத்தாள்.

உடை மாற்றும் கூடாரம் மேடைக்குப் பின்னால் சற்றுத் தள்ளி இருந்தது. மேடைக்குச் சில அடி பின்னால், புல்லில் நட்ட கம்புகளில் கட்டியிருந்த பின்திரை அவள் தைத்ததுதான். புல்லின் ஈரம் பிடிக்காமல் தரையிலிருந்து ஒரு சாண் விட்டு மடித்து அடித்திருந்தாள். கால் மெஷினைப் போட்டு உட்கார்ந்ததும் வேலை வந்து குவிந்தது. ஒருத்தருக்குக் கை நீளம், ஒருத்தருக்குப் பின்பக்கம் பிளந்துவிட்டது, ஆடப்போகிற ஆள் ஆடுவதற்கு முன்பே. அவள் ஒன்பது மணிக்கு டப்பாவைத் திறந்து ஊக்குகளை விலக்கிப் பார்த்தாள். 112. பத்து மணிக்குப் பார்த்தாள். 112. எண் வழக்கமான பச்சையில் இல்லாமல் வெளிறி இருந்தது. வெயிலின் கூச்சம் என்று நினைத்தாள். எண்ணுக்குக் கீழே ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் என்னவோ இருந்தது. அதை அவள் என்றைக்கும் படித்ததில்லை.

மலைக்காற்று பிள்ளைக்கு ஒத்துக்கொண்டுவிட்டது, இங்கேயே ஒரு வீடு பார்த்துவிடலாமா என்றெல்லாம் மனம் போயிற்று. வாயில் பாட்டுகூட வந்தது. அவள் பாடினால் அக்கம்பக்கம் எழுந்து போய்விடும், அப்படியொரு குரல்; ட்ரம்ஸ் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை, நல்லவேளை.

பதினொன்றரைக்குப் பாட்டுக்காரி வந்தாள். அடுத்த பாட்டு அவளுடையது, கவுன் இடுப்பில் பிடிக்கிறது. தையல்காரி டேப்பைச் சுற்றினாள். இருபத்தொன்பது. எழுதுவதற்குள் பாட்டுக்காரி மூச்சை விட்டாள். முப்பது.

"என்னக்கா, ரெண்டு தரமும் வேற வேற சொல்றீங்க?"

"உசுரோட இருக்கற உடம்பு ஒரு அளவுல நிக்குமாம்மா? மூச்சு விட்டா ஒண்ணு, தின்னா ஒண்ணு, சிரிச்சா ஒண்ணு. பொம்மைக்குத்தான் எப்பவும் ஒரே அளவு."

முப்பது வருடமாக எல்லாரிடமும் சொல்கிற பேச்சுதான். சொல்லிக்கொண்டே ஊக்கு எடுக்க டப்பாவுக்குள் கைவிட்டாள். விரலில் போன் தட்டுப்பட்டது. வெளிச்சம் வந்தது.

112.

கை அப்படியே நின்றது. காலையில் பஸ்ஸில் 112. மகள் அதற்குப் பிறகு ஊசி போட்டாள். ரொட்டி தின்றாள், பாதி வைத்துவிட்டாள். மூன்று மணி நேரமாகக் குதித்துக் குதித்து ஆடுகிறாள். பதினோரு வருடத்தில் ஒரு நாளாவது, ஒரு மணி நேரமாவது, அந்தப் பிள்ளையின் எண் ஒரு இடத்தில் நின்றதுண்டா?

பாட்டுக்காரியின் இடுப்பில் டேப் தொங்கத் தொங்க அவள் வெளியே ஓடினாள்.

நர்ஸின் கூடாரம் பத்தடியில் இருந்தது. நர்ஸ் ஒருவனின் முழங்காலில் மருந்து போட்டுக்கொண்டிருந்தார். தையல்காரி போனை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். நர்ஸ் படித்தார்.

"போன் எப்படி உள்ள வந்துச்சு?"

"எம்பொண்ணு எண்ணு. மாறவே மாட்டேங்குது."

"இது காலைல ஏழு பதினெட்டுக்கு வந்ததும்மா. கீழ எழுதியிருக்கே. பொண்ணோட போன் எங்க?"

"வாசல்ல குடுத்துட்டா. பட்டன் கைலதான இருக்கு? எனக்கு எப்பவும் வருமே!"

நர்ஸ் எழுந்து நின்றார். குரல் மட்டும் தணிந்தது. "பட்டன் பேசறது இருபது அடிக்குள்ள இருக்கற அவ போன்கிட்ட மட்டும்தான். அந்த போன்தான் நெட்ல உங்களுக்கு அனுப்பும். இங்க அந்த போனும் பக்கத்துல இல்ல, நெட்டும் இல்ல. நாலு மணி நேரமா நீங்க பழைய எண்ணைப் பாத்துட்டு இருக்கீங்க."

அப்புறம் அவர் சொன்னது எதுவும் தையல்காரியின் காதில் ஏறவில்லை. அவள் மேடையை நோக்கி ஓடினாள். அவ்வளவு பெரிய கூட்டம், ஒரே தலைக்கடல், மஞ்சள் தொப்பி எங்கேயும் இல்லை. பிள்ளைக்குச் சுகர் இறங்கும்போது முதலில் உதடு வெளுக்கும். பிறகு பேச்சு குழறும். பிறகு சொன்னது புரியாது. பிறகு விழுவாள். ஒவ்வொரு படியும் அவளுக்குப் பாடம். இதில் இப்போது எந்தப் படி என்பதுதான் தெரியவில்லை.

படியேறி மேடைக்குள் வந்துவிட்டாள். கையில் போன் இருந்ததை மறந்தே போனாள். கூட்டம் பார்த்துவிட்டது. "போன்! போன்!" என்று கூச்சல் கிளம்பியது. யாரோ ஊளையிட்டார்கள். படம் பிடிக்க வந்தவள் என்று நினைத்து ஒரு காலி பாட்டிலைக்கூட வீசினார்கள். அவள் கத்தினாள், அவள் கத்தல் அவளுக்கே கேட்கவில்லை. ட்ரம்ஸ்காரர் கண்ணை மூடிக்கொண்டு அடித்துக்கொண்டிருந்தார். தையல்காரி போய் அவருடைய குச்சியைக் கையோடு சேர்த்துப் பிடித்தாள்.

சத்தம் நின்றது. ட்ரம்ஸ்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. "நீங்களே போனைக் கொண்டு வந்தா எப்படிங்க? பை தைச்சதே நீங்கதான?"

"எம்பொண்ணக் காணோம். சுகர் இறங்குது. செத்துருவாய்யா."

மைக் திறந்திருந்தது. அந்த வார்த்தை புல்வெளி முழுக்கப் போயிற்று. கூச்சல் அப்படியே அடங்கியது.

ட்ரம்ஸ்காரர் இரண்டு நொடி அவளைப் பார்த்தார். பிறகு மைக்கைப் பிடித்தார். "எல்லாரும் நின்ன இடத்துலயே நில்லுங்க. யாரும் ஓடாதீங்க. மஞ்சத் தொப்பி போட்ட பொண்ணு, இடது கையில வெள்ளையா பட்டன் ஒட்டியிருக்கும். காலைலேர்ந்து உங்க பக்கத்துல யார் யார் நின்னாங்கன்னு நினைச்சுப் பாருங்க. உங்க கையில போன் இல்ல, கண்ணு சும்மாதான இருந்துச்சு? பாத்திருப்பீங்க. நினைச்சுப் பாருங்க."

அறுநூறு பேர் ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்தார்கள். காற்றில் பின்திரை படபடத்தது. தையல்காரிக்கு அந்த நேரம் இன்றுவரை முடியவில்லை.

நடுவிலிருந்து ஒரு கை உயர்ந்தது. தாடிக்காரர் ஒருவர்.

"எங்க கூடத்தான் ஆடிட்டு இருந்துச்சு. ரெண்டு பாட்டுக்கு முன்னாடி, ஒரு இருபது நிமிஷம் இருக்கும், நின்னுடுச்சு. வேர்த்துக் கொட்டுச்சு. கண்ணு சரியாத் தெரியலன்னு சொல்லுச்சு. நான் கூட வரட்டுமான்னு கேட்டேன். வேணாம்..." அவர் தயங்கினார். "வேணாம், எங்கம்மாகிட்டப் போறேன்னு சொல்லுச்சு."

அம்மாகிட்டப் போறேன். இருபது நிமிடத்துக்கு முன்னால் கிளம்பியிருக்கிறாள். வந்து சேரவில்லை.

தையல்காரி திரும்பினாள். கூட்டத்திலிருந்து கூடாரத்துக்கு வர வேண்டுமென்றால் மேடையின் பின்புறம் சுற்றித்தான் வர வேண்டும். அங்கே ஜெனரேட்டர், வயர்ச் சுருள், ஆள் உயரத்துக்கு அடுக்கிய காலி மரப்பெட்டிகள். பகல் முழுக்க ஒரு ஆள் அந்தப் பக்கம் போகத் தேவையில்லை. கத்தினாலும் கேட்காது. அவள் மேடையின் மேலே நின்றபடி பின்திரையைப் பார்த்தாள். அவள் விட்டிருந்த ஒரு சாண் இடைவெளி வழியாக அந்தப் பக்கத்துப் புல் தெரிந்தது. புல்லின் மேல் ஒரு செருப்பு. செருப்புக்குள் கால்.

மேடையிலிருந்து குதித்தவள் திரையைத் தூக்கவில்லை, கிழித்துக்கொண்டுதான் போனாள். மகள் பெட்டிக்கும் திரைக்கும் நடுவே பக்கவாட்டில் கிடந்தாள். தொப்பி தள்ளிக் கிடந்தது. சட்டை தண்ணீரில் முக்கி எடுத்ததுபோல நனைந்திருந்தது. தொட்டால் சில்லென்றிருந்தது. கண் பாதி திறந்திருந்தது, அதில் யாரும் இல்லை.

"வாண்டு. வாண்டு, அம்மாடா. இங்க பாரு."

மேடைக்கும் இந்த இடத்துக்கும் எட்டடி. கூடாரத்துக்கும் இந்த இடத்துக்கும் முப்பதடி. அவள் மெஷினை மிதித்துக்கொண்டு பாடிய நேரத்தில், பெட்டிகளுக்கு இந்தப் பக்கம் பிள்ளை கிடந்திருக்கிறாள்.

நர்ஸ் பெட்டியோடு வந்துவிட்டார். வாயில் எதுவும் ஊற்றக் கூடாது என்று, யாரோ தையல்காரியின் கையில் திணித்த ஜூஸைப் பிடுங்கினார். தொடையில் சர்க்கரையை ஏற்றுகிற ஊசியைக் குத்தினார். "பத்து நிமிஷம் ஆகும். பொறுங்க."

பத்து நிமிடம். பொறுக்கச் சொல்கிறவர்களுக்கு என்ன? தையல்காரி மகளின் விலாவில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கை எழும், தாழும். எழுவதற்கு நேரமானால் அவளுடைய மூச்சும் நின்றுவிடும். சுற்றிலும் கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் தணிந்த குரலில் ஆரம்பித்தார்: "போனை விட்டிருந்தா இந்த நிலைமை வந்திருக்குமா? இது என்ன விதி?" இன்னொருத்தி திருப்பிக் கேட்டாள்: "போன் இருந்திருந்தா பக்கத்துல ஆடினவர் முகத்தையாச்சும் பாத்திருப்பாரா? இந்நேரம் நாம எல்லாரும் இதைப் படம் பிடிச்சிட்டு இருப்போம்." ட்ரம்ஸ்காரர் இரண்டு பேரையும் பார்த்து வாயை மூடுங்கள் என்பதுபோலக் கையைக் காட்டினார். குச்சி இன்னும் அந்தக் கையில் இருந்தது.

ஒன்பதாவது நிமிடம் மகளின் விரல் அசைந்தது. பிறகு புருவம். பிறகு வாந்தி. தையல்காரி அந்த வாந்தியை மடியில் வாங்கிக்கொண்டு கதறி அழுதாள். பதினோரு வருடத்தில் பிள்ளை எதிரில் அவள் அழுதது அதுதான் முதல் தடவை.

ஜூஸ் உள்ளே போனது. பிஸ்கட் போனது. நர்ஸின் கூடாரத்தில் பாயில் படுக்க வைத்தார்கள். முன்னாள் கண்டக்டர் முந்நூற்று எண்பத்தெட்டாம் பையைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க வந்தார். பூட்டைத் திறந்ததும் உள்ளேயிருந்து பீறிட்ட அலறலில் அவரே பையைக் கீழே போட்டுவிட்டார்.

"அணைக்காமலே குடுத்திருக்கு. பட்டனைக் காணோம், பட்டனைக் காணோம்னு காலைலேர்ந்து கத்தியிருக்கும்மா இது. நான் பெட்டி மேலயேதான் உக்காந்திருந்தேன். உங்க பை... ஒரு சத்தம் வெளிய வரல."

தையல்காரி பையைக் கீழிருந்து எடுத்தாள். போனை மகளின் தலைமாட்டில் வைத்தாள். பட்டன் சில மணி நேரத்துக் கணக்கைத் தனக்குள் சேர்த்து வைத்திருக்குமாம். போன் பக்கத்தில் வந்ததும் மொத்தத்தையும் கொட்டிவிடும் என்றார் நர்ஸ். அப்படியே நடந்தது. திரையில் புள்ளி புள்ளியாக வந்து கோடாயிற்று. ஒன்பதரை, 140. அப்போது தையல்காரி கை நீளம் குறைத்துக்கொண்டிருந்தாள். பத்தேகால், 96. பின்பக்கம் கிழிந்தவரைக் கேலி செய்தாள். பத்தே முக்கால், 71. இங்கேயே வீடு பார்க்கலாம் என்று நினைத்தாள். பதினொன்று, 58. பாட ஆரம்பித்தாள். பதினொன்றேகால், 44. அதற்குப் பிறகு எண்ணே இல்லை, 'மிகக் குறைவு' என்று மட்டும் இருந்தது. அவள் எல்லாப் புள்ளியையும் பார்த்து முடித்தாள். ஒன்றைக்கூட விடவில்லை.

"அம்மா." மகளின் குரல் தேய்ந்து வந்தது.

"பேசாத. தூங்கு."

"எனக்குத் தெரியும்மா. என் போன் இல்லாம உனக்கு ஒண்ணும் வராதுன்னு." கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள். "நீ பாக்காம ஒரு மூணு நாள் இருக்கணும்னு நினைச்சேன். அவ்ளோதான். அப்பறம் பயமா இருந்துச்சு. உன்கிட்ட வரத்தான் பாத்தேன்."

தையல்காரிக்கு அடிக்கலாம் போலவும் இருந்தது, காலில் விழலாம் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. நனைந்த முடியை நெற்றியிலிருந்து ஒதுக்கிவிட்டாள். மகள் தூங்கிப்போனாள்.

வெளியே பாட்டு மறுபடி தொடங்கவில்லை. தையல்காரி பாயின் ஓரத்தில் உட்கார்ந்து திரையைப் பார்த்தாள். 64. 79. 95. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் எண் ஏறிற்று. நர்ஸ் எட்டிப் பார்த்து, இனிமேல் கவலை இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த தரம் வந்தது 112.

பச்சையில், பளிச்சென்று. முன்பெல்லாம் இதைப் பார்த்தால் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு நிம்மதியாக ஊசியில் நூல் கோர்ப்பாள். இப்போது உள்ளங்கை வேர்த்தது. அவள் போனை நம்பவில்லை. கையை மகளின் விலாவில் வைத்தாள். எழுகிறதா? எழுகிறது. தாழ்கிறதா? தாழ்கிறது. கண் திரையில், கை விலாவில், அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஐந்து நிமிடம் கழித்து எண் மாறியது. 117.

மாறியதைப் பார்த்த பிறகும் அவள் கையை எடுக்கவில்லை.